ஒற்றராயிருந்த ஆசிரியர்: சாமர்செட் மாம்

கதை கேட்டலில் விருப்பமில்லாத மாந்தர் இலர். கதைகள் பலவற்றுள்ளும், மறைபொருள் ஒன்றை அகத்தே வைத்து மெல்ல மெல்ல அவிழ்க்கும் கதைகளுக்கு உள்ள கவர்ச்சி பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் எழுதிய துப்பறியும் நாவல்களைத் தமிழ் மக்கள் ஊணும் உறக்கமும் மறந்து படித்தனர் என்பர். அத்துப்பறியும் நாவலுக்கு உடன்பிறப்பாய் மேல்நாட்டில் வளர்ந்தது போர்க்கால ஒற்றர் கதை. முன்னதில் குற்றம் நிகழ்ந்துவிடும்; செய்தவன் யாவன் என்பதே வினா. பின்னதிலோ மறைந்து நிற்பவனே கதைத் தலைவன். அவன் யாவன் என்பதை நாம் அறிவோம். அவனைச் சூழ்ந்திருப்போர் அறியார். எக்கணத்தில் அறிந்துவிடுவரோ என்னும் அச்சமே நம்மை ஏட்டைப் புரட்டச் செய்கின்றது.

இவ்வகைக் கதையை உண்மை வாழ்விற்கு அருகே கொணர்ந்து நிறுத்தியவர் சாமர்செட் மாம் என்னும் ஆங்கில ஆசிரியர். அவர் வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிந்துகொள்ளுதற்குக் காரணங்கள் மூன்று உள. அவர் தாமே போர்க்காலத்தில் ஒற்றராய்த் தொழில் புரிந்தவர். அவரை அத்தொழிலிற் புகுத்திய அதிகாரி, இந்திய விடுதலை வீரரைக் கண்காணிப்பதையே முதற்பணியாகக் கொண்டிருந்தவர். பின்னாளில் அவர் நம் தமிழ்நாட்டிற்கு வந்து திருவண்ணாமலையில் ஒரு பகற்பொழுதைக் கழித்து, அதனை இறுதிவரை மறவாதிருந்தவர்.

பிறப்பும் இளமையும்

வில்லியம் சாமர்செட் மாம் 1874-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் அங்குள்ள ஆங்கிலத் தூதரகத்தின் சட்ட அலுவல்களைக் கவனித்து வந்த வழக்கறிஞர். பிரெஞ்சு மண்ணிற் பிறக்கும் ஆண்மக்களைப் பிரெஞ்சுக் குடிகளாக்கிப் படையிற் சேர்க்கும் சட்டம் வரக்கூடும் என்னும் அச்சம் அந்நாளில் இருந்தமையால், அவருடைய பிறப்பு தூதரகத்தின் எல்லைக்குள்ளேயே நிகழுமாறு செய்தனர். ஆங்கிலக் குடிமகன், பிரெஞ்சு மொழியையே முதலிற் பேசிய குழந்தை என இரண்டு முகங்கள் அவருக்குத் தொட்டிலிலேயே அமைந்துவிட்டன.

அவர் எட்டாம் வயதில் அன்னையார் காசநோயால் இறந்தார். பத்தாம் வயதில் தந்தையாரும் இறந்தார். அன்னையாரின் நிழற்படத்தை அவர் தம் முதுமையிலும் படுக்கையருகே வைத்திருந்தார் எனின், அத்துயரின் ஆழம் விளங்கும். தாய் தந்தையரை இழந்த சிறுவனை, இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்து விட்ஸ்டபிள் என்னும் கடற்கரை ஊரில் குருவாயிருந்த சிற்றப்பனார் ஏற்று வளர்த்தார். உணவும் உடையும் அங்கே குறைவின்றிக் கிடைத்தன, அன்பு கிடைக்கவில்லை. காண்டர்பரியில் அரசர் பள்ளியிற் சேர்ந்தபோது அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் நகைத்தனர். திக்குவாய் அவரைப் பற்றிக்கொண்டது. வாழ்நாள் முழுதும் விடவில்லை.

இத்திக்குவாய் நீங்க வேண்டுமென்று அவர் இறைவனை வேண்டியதும், வேண்டியது கிட்டாமையால் நம்பிக்கை தளர்ந்ததும், 1915-இல் வெளிவந்த அவருடைய பெருநாவலில் வேறோர் உருவில் வருகின்றன. அந்நாவலின் இளைஞனுக்குத் திக்குவாய் இல்லை. கால் ஊனம் உண்டு. குருவின் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை நம்பிக்கையிழந்ததற்கு மறையின்மேற் பழி கூறுவதா, அன்பற்ற இல்லத்தின்மேற் பழி கூறுவதா என்பது, திருமறைச் சூழலில் வளரும் நம் போன்ற மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும் அக்குறையே அவருக்கு ஒரு கருவியாயிற்று. பேச இயலாதவன் பிறர் பேச்சைக் கேட்கிறான். கேட்டுப் பழகியவன் பேச்சின் பின்னுள்ள கருத்தையும் கேட்கிறான். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் தங்கிக் கற்றதனால் ஜெர்மன் மொழியும் அவருக்கு வசமாயிற்று. பின்பு இலண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். அருகிலுள்ள லாம்பெத் பகுதியின் ஏழை இல்லங்களுக்கு இரவு பகல் பாராது சென்று, மகப்பேறுகளுக்கு உதவினார். துன்புறும் மனிதன் முகமூடி அணிவதில்லை என்பதை அவ்வில்லங்களிற் கண்டார். அப்பட்டறிவினின்று பிறந்ததே 1897-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல். அவ்வாண்டிலேயே மருத்துவப் பட்டமும் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளாது எழுத்தையே பற்றிக்கொண்டார். பத்தாண்டு வறுமைக்குப் பின் நாடகத்தால் புகழ் வந்தது. 1908-ஆம் ஆண்டில் இலண்டன் அரங்குகளில் அவருடைய நாடகங்கள் நான்கு ஒரே சமயத்தில் நடைபெற்றன.

போரும் ஒற்றுத் தொழிலும்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது மாமுக்கு வயது நாற்பது. படையிற் சேரும் பருவம் கடந்தமையால், செஞ்சிலுவைத் தொண்டராய்ப் பிரான்ஸில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிப் பகுதியிற் பணிபுரிந்தார். அடுத்த ஆண்டில் ஜான் வாலிங்கர் என்னும் அதிகாரி அவரை ஒற்றுத் தொழிலுக்கு அழைத்தார். இந்தியப் போலீஸ் துறையிற் பணியாற்றிய வாலிங்கர், போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, ஐரோப்பாவில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளரைக் கண்காணித்து வந்தவர். போர் வந்தபின் ஸ்விட்ஸர்லாந்தில் ஜெர்மானியரை வேவு பார்க்கும் அலுவலும் அவரிடம் சேர்ந்தது.

எப்பக்கமும் சேராத ஸ்விட்ஸர்லாந்து அந்நாளில் எல்லாப் பக்கத்து ஒற்றரும் கூடும் சந்தையாய் இருந்தது. ஜெனீவா நகரில் உள்ள ஓட்டலில் மாம் தங்கினார். பிரெஞ்சும் ஜெர்மனும் அறிந்தவர், புகழ்பெற்ற நாடகாசிரியர், அமைதியான இடத்தில் நாடகம் எழுத வந்திருக்கிறார் என்றால் ஐயுறுவார் யார்? அந்நாடகத்தை அவர் மெய்யாகவே எழுதியும் வந்தார். பொய் வேடத்திற்கு உண்மைத் தொழிலே போர்வையாயிற்று.

அவர் செய்த வேலை யாது? தம்மின் கீழ்ப்பட்ட ஒற்றருக்குக் கூலி கொடுத்தல், அவர்கள் கொணரும் செய்திகளைத் தொகுத்து எழுதுதல், கிழமைக்கொரு முறை படகேறி ஏரியைக் கடந்து பிரெஞ்சுக் கரையிலுள்ள தோனோன் என்னும் ஊருக்குச் சென்று ஆணை பெற்று மீளுதல் ஆகியவையே. ஜெனீவாச் சந்தையில் வெண்ணெய் விற்க எல்லை கடந்து வரும் கிழவி ஒருத்தி செய்தித்தாளை மறைத்துக் கொணர்வதும், அவளிடம் வெண்ணெய் வாங்குவார்போற் சென்று அதனைப் பெறுவதும் அவர் கதைகளில் வருகின்றன. குளிரில் படகின் மேற்றளத்தில் நின்று நனைந்ததும், ஸ்விஸ் போலீஸார் எப்போது வந்து விசாரிப்பரோ என்று காத்திருந்ததுமே அவர் கண்ட வீரச்செயல்கள்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் திருக்குறளின் 59-ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் நினைவிற்கு வராதிராது. ஐயுறப்படாத வடிவமும், உற்று நோக்குவார்க்கு அஞ்சாத கண்ணும், அகப்பட்டவிடத்தும் மறை வெளிப்படுத்தாத உறுதியும் ஒற்றனுக்கு இலக்கணம் என்கின்றார் வள்ளுவர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆளவேண்டும் என்றும், பலர் தனித்தனியே கொணர்ந்த செய்தி ஒத்திருந்தால் மட்டுமே தெளிய வேண்டும் என்றும், ஒற்றனைப் பலர் காணச் சிறப்பித்தலாகாது என்றும் விதிக்கின்றார். மாமின் கதைத் தலைவனுக்குத் தலைமை அதிகாரி முதல்நாளிற் கூறும் நிபந்தனையும் ஏறக்குறைய இதுவே: செய்வன திருந்தச் செய்தால் நன்றி கிடைக்காது, அகப்பட்டால் உதவி கிடைக்காது. காலமும் நாடும் வேறாயினும் தொழில் ஒன்றே.

ரஷ்யப் பயணம்

1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்த வில்லியம் வைஸ்மன் என்னும் ஆங்கில ஒற்றர் தலைவர் அவரை இதனினும் பெரியதோர் அலுவலுக்கு அனுப்பினார். ரஷ்யாவிற் பேரரசன் வீழ்ந்து கெரென்ஸ்கி ஆட்சி செய்த காலம் அது. ரஷ்யா போரினின்று விலகாதிருக்க அவ்வாட்சிக்கு ஆதரவு தேடுவதும், நிலைமையை அறிந்து எழுதுவதும் மாமுக்கு இட்ட பணி. அவர் பசிபிக் பெருங்கடலைக் கடந்து விளாடிவாஸ்டாக் துறையை அடைந்து, சைபீரியா முழுவதையும் ரயிலிற் கடந்து, பெட்ரோகிராடு சேர்ந்தார்.

அக்டோபர் இறுதியில் கெரென்ஸ்கி, ஆங்கிலப் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கு மறைவாய் ஒரு வேண்டுகோளை அவர்வழி அனுப்பினார். மாம் விரைந்து இலண்டன் சேர்ந்தார். அத்துணைப் பெருஞ்செய்தியைப் பிரதமர் முன் திக்குவாயாற் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சி, அதனை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு சென்றார். பிரதமர் வேண்டுகோளுக்கு இசையவில்லை. காலமும் கைகடந்தது, நவம்பர் 7-ஆம் நாள் போல்ஷெவிக்கர் ஆட்சியைக் கைப்பற்றினர். உலக வரலாற்றையே திருப்ப அனுப்பப்பட்டவர் வெறுங்கையராய் நின்றார். அன்னையாரைக் கொன்ற காசநோய் அவரையும் பற்றியிருந்தமையால், ஸ்காட்லாந்தில் உள்ள நலவிடுதியிற் சேர்ந்து நெடுநாள் படுத்திருந்தார். ஒற்றுத் தொழிலில் தாம் கண்டவற்றைக் கதைகளாக்கும் எண்ணம் பிற்காலத்தில் உருப்பெற்றது.

ஆஷெண்டன் என்னும் நூல்

1928-இல் ஆஷெண்டன் என்னும் கதைத்தொகுதி வெளிவந்தது. அதன் தலைவன் பெயரே நூலின் பெயர். அவனும் எழுத்தாளன், அவனும் ஜெனீவாவில் ஓட்டலில் தங்கியவன், அவனும் ரஷ்யாவிற்குச் சென்றவன். இத்தொகுதிக்கென எழுதிய வேறு பல கதைகளை, அரச மறைகளை வெளியிடும் என்னும் அச்சத்தால், அவர் தீயிலிட்டார் என்பர்.

இந்நூலுக்கு முன்னும் ஒற்றர் கதைகள் இருந்தன. 1903-இல் எர்ஸ்கின் சில்டர்ஸும், 1915-இல் ஜான் பக்கனும் எழுதியவை பெரும்புகழ் பெற்றவை. பக்கனின் தலைவன் மலையிலும் காட்டிலும் துரத்தப்பட்டு ஓடுகின்றான். அவனுடன் நாமும் மூச்சிரைக்க ஓடுகின்றோம். ஆஷெண்டன் ஓடுவதில்லை. அவன் வெந்நீரிற் குளிக்கின்றான், சீட்டாடுகின்றான், பக்கத்து மேசையில் இருப்பவர் யார் என எண்ணுகின்றான், காத்திருக்கின்றான். அவனுடைய காத்திருத்தலை மாம் நமக்கும் பழக்கிவிடுகின்றார்.

ஒற்றர் கதை இனிப்பதற்குத் துப்பாக்கியும் துரத்தலுமே காரணம் என்பர் பலர். நான் அறிந்தவரை, எளிய பொருள்கள் எல்லாம் பொருள் நிறைந்தனவாய் மாறுவதே அவ்வினிமையின் வேர். வெண்ணெய்க் கூடை வெண்ணெய்க் கூடையாயிராது. ஓட்டற் பணியாள் பணியாளாயிரான். மணவாள நகரினின்று திருவள்ளூர் நிலையம் வந்து சென்னை ரயிலேறும் எம்போன்றோர் நாள்தோறும் காணும் முகங்கள் பல. ஷிப்டு வேலைக்குச் செல்வோர், பூக்கூடையுடன் வருவோர், கண்மூடி உறங்குவோர் என அவர்களை நாம் பார்த்தும் பாராதிருக்கின்றோம். இத்தொகுதியிலிருந்து ஒரு கதையைப் படித்து முடித்துத் தலை நிமிர்த்தினால், எதிரிருக்கையில் உறங்குவோர் மெய்யாகவே உறங்குகின்றனரா என்று நோக்கத் தோன்றும். பழகிய உலகைப் புதியதாய்ப் பார்க்கும் கண்ணை இரண்டணா மதிப்புள்ள கதையும் தரவல்லது. பெருங்காவியங்கள் தருவதும் அக்கண்ணையே அன்றோ?

இரண்டாவது காரணம், மறையைப் பகிர்ந்துகொள்ளும் பெருமை. ஆசிரியர் நம்மை ஒற்றனுடன் கூட்டாளியாக்குகின்றார். எரிகோ நகரில் ராகாப் என்பாள் யோசுவாவின் வேவுகாரரை வீட்டின் மேல் சணல் தட்டைகளுக்குள் மறைத்த வரலாற்றைச் சிறுவயதில் ஓய்வுநாட் பள்ளியிற் கேட்டபோது, அரசனுடைய ஆட்கள் கதவருகே நிற்க நாமும் மூச்சடக்கி அத்தட்டைகளுக்கு அடியில் கிடந்தோம் அல்லவா? அவ்வின்பமே இதுவும்.

மூன்றாவதே மாமின் தனிச்சிறப்பு. இவ்வின்பத்திற்கு விலை யார் கொடுக்கின்றனர் என்பதை அவர் மறைப்பதில்லை. மயிரில்லாத மெக்ஸிகன் என்னும் கதையில், பகைவரின் தூதன் என்று எண்ணி ஒருவனைக் கொன்றுவிடுகின்றனர். உரிய தூதன் கப்பலேறவே இல்லை என்னும் தந்தி பின்பு வருகின்றது. கதை அவ்விடத்திலேயே முடிகின்றது. மாண்டவன் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை.

துரோகி என்னும் கதை இதனினும் நெஞ்சை அறுப்பது. கேய்பர் என்னும் ஆங்கிலேயன் ஜெர்மானியரிடம் கூலி பெற்றுத் தன் நாட்டாரைக் காட்டிக் கொடுத்தவன். ஆயினும் அவன் மலைப்பூக்களைத் தேடிச் சேர்ப்பவன். மனைவியை உயிராய் நேசிப்பவன். நாயொன்றை அருமையாய் வளர்ப்பவன். ஆஷெண்டன் அவனுடன் பழகி, அவன் மனைவியிடமே ஜெர்மன் மொழி பயின்று, அவனைப் பசப்பி இங்கிலாந்திற்குப் போகச் செய்கின்றான். அங்கே அவனுக்கு மரண தண்டனை காத்திருக்கிறது. கேய்பர் சுடப்பட்ட காட்சியை ஆசிரியர் காட்டவில்லை. நாள்தோறும் கடிதம் வந்ததா என்று கேட்டு அலையும் மனைவியையும், ஒருநாள் காரணமின்றித் தலைதூக்கி ஓலமிடும் நாயையுமே காட்டுகின்றார். ஒற்றனுடன் கூட்டாளியாயிருந்து மகிழ்ந்த நாம் அவ்வோலத்தைக் கேட்டுத் திடுக்கிடுகின்றோம். அதில் நமக்கும் பங்குண்டு என உணர்கின்றோம்.

கதையில் வரும் நம்மவர்

இனி, இந்திய மாணவர் ஒருவரும் வெறும் பொழுதுபோக்காகப் படிக்கவியலாத கதை ஒன்று அத்தொகுதியில் உண்டு. சந்திரலால் என்னும் இந்தியப் புரட்சியாளன் ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஜெர்மானியருடன் சேர்ந்து உழைக்கின்றான். ஸ்விட்ஸர்லாந்தில் அவனைத் தொட முடியாது. அவன் காதலித்த நடனமாது ஒருத்தியை ஆங்கிலேயர் பிடித்துச் சிறைக்கு அஞ்சச் செய்து, தோனோன் துறைக்கு வருமாறு அவனுக்குக் கடிதம் எழுதச் செய்கின்றனர். ஏரியைக் கடந்தால் அவன் பிரெஞ்சு மண்ணில் அகப்படுவான். அவள் அழுகிறாள், மறுக்கிறாள், இறுதியில் எழுதுகிறாள். அவனும் காதலை நம்பி வருகின்றான். பிடிபட்ட கணத்தில் நஞ்சுண்டு மடிகின்றான். தான் அவனுக்குப் பரிசளித்த கைக்கடிகாரத்தைத் திருப்பித் தருவார்களா என்று அவள் கேட்பதோடு கதை முடிகின்றது.

சந்திரலாலுக்கு மூலமாய் நின்றவர் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர் என்று வரலாற்றறிஞர் கருதுவர். அவர் கவியரசி சரோஜினி நாயுடுவின் உடன்பிறந்தார், ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1914-இல் பெர்லின் நகரில் இந்திய விடுதலைக் குழு அமைத்தவருள் முதன்மையானவர். அவருடன் உழைத்தவருள் ஒருவர் நம் தமிழரான செண்பகராமன் பிள்ளை. 1891-இல் திருவனந்தபுரத்திற் பிறந்த இவர், 1914-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸூரிக் நகரில் இந்திய விடுதலைக்கென ஒரு சங்கம் கண்டு, அவ்வாண்டிலேயே பெர்லின் சென்று சேர்ந்தார். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறையிற் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, அதில் செண்பகராமன் இருந்தார் என்னும் கதை தமிழகமெங்கும் வழங்குகின்றது. அவர் ஐரோப்பாவில் இருந்த காலம் அஃதாதலின் இதனை வரலாறாகக் கொள்வது அரிது. ஆயினும் மக்கள் தாமே ஒரு போர்க்கால ஒற்றர் கதையைப் புனைந்து மகிழ்ந்தனர் என்பதற்கு இது சான்று. வல்லவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கமும் அக்கப்பலாலேயே தமிழில் நுழைந்தது.

கதையில் ஏரிக்கரையில் மடிந்த சந்திரலாலின் மூலமானவர் மெய்வாழ்வில் ஆங்கிலேயர் கையிற் சிக்கவில்லை. அவர் சோவியத் நாடு புகுந்து, 1937-இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். செண்பகராமன் 1934-இல் பெர்லினில் இறந்தார். அவருடைய சாம்பல் 1966-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் போர்க்கப்பலில் தாயகம் வந்தது. இரண்டாம் உலகப்போரிலும் இவ்வரலாறு நம் வாயிலிலேயே தொடர்ந்தது. பினாங்கிற் பயிற்சி பெற்று ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலையாளக் கரை சேர்ந்த இந்திய இளைஞருட் சிலர், பகைவரின் ஒற்றர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு நாட்டார்க்கு ஒற்றனாகத் தோன்றுபவன் மற்றொரு நாட்டார்க்குத் தியாகியாகின்றான்.

அங்ஙனமாயின், நம்மவரை வேட்டையாடிய கதையை நாம் இன்புற்றுப் படிக்கலாமா? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு மாமைப் புகழ்தல் நேர்மையாகாது. அவர் ஆங்கில அரசின் ஊழியத்தை விரும்பி ஏற்றவர். அவ்வாட்சி நேரியதா என்று அக்கதையில் வழக்காட அவர் புகவில்லை. ஆயினும் சந்திரலாலை இழிந்தவனாக அவர் தீட்டவில்லை என்பதும் உண்மை. ஏறத்தாழத் தனியனாய் நின்று ஒரு பேரரசை எதிர்க்கும் அவன் துணிவை ஆஷெண்டன் வியந்து பேச, தலைமை அதிகாரி அவ்விரக்கத்தைக் கடிந்துகொள்கின்றார். இருவருள் யார் பக்கம் நிற்பதென்பதைப் படிப்போரிடமே விட்டுவிடுகின்றார் ஆசிரியர். அடிமை நாட்டானின் காதலைக் கண்ணியாக்கிப் பிடித்த செயலின் சிறுமையை, அவனைப் பிடித்த பக்கத்தாரே எழுதிவைத்த சான்றாகவும் அக்கதையை நாம் படிக்கலாம். எதிரி எழுதிய சான்றினும் வலிய சான்று உண்டோ?

திருவண்ணாமலையும் இறுதி நாட்களும்

1938-ஆம் ஆண்டில் மாம் இந்தியாவிற்கு வந்தார். அரண்மனைகளையும் வேட்டைகளையும் காண அவர் விரும்பவில்லை. துறவியரையும் அறிஞரையும் காண விரும்பினார். சென்னையிலிருந்து மோட்டாரில் திருவண்ணாமலை சென்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் பழக்கூடையுடன் இறங்கினார். அங்கே வாழ்ந்த சாட்விக் என்னும் ஆங்கிலேயரின் குடிலில் இருந்தபோது திடீரென மயங்கி வீழ்ந்தார். அதனைக் கேட்ட மகரிஷி தாமே அக்குடிலுக்கு வந்து, அவர்முன் நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்தார். பேசித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, மௌனமும் உரையாடலே என்னும் கருத்து அங்கே அவருக்குக் கிடைத்தது. வாய் திறப்பதையே வாழ்நாள் முழுதும் துன்பமாகக் கொண்டிருந்தவருக்கு இதனினும் சிறந்த வரவேற்பு ஏது?

அம்மயக்கத்தைத் தெய்வ அனுபவம் என்று சிலர் பரப்பினர். மாம் அதனை ஏற்கவில்லை. தமக்கு முன்னும் பலமுறை மயக்கம் வந்ததுண்டு என்று எழுதினார். ஒற்றனுக்குரிய பண்பு, கண்டதை மிகைப்படுத்தாது கூறல். அப்பண்பு அவரைத் திருவண்ணாமலையிலும் கைவிடவில்லை. எனினும் அப்பகற்பொழுது வீண்போகவில்லை. 1944-இல் வெளிவந்த அவருடைய பெருநாவல் கடோபநிடதத்தினின்று தலைப்பைப் பெற்றது. அதில் வரும் இந்திய ஞானிக்கு ரமணரே மூலம். 1958-இல் மகரிஷியைப் பற்றித் தனிக்கட்டுரையும் வரைந்தார்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது, தென்கடற்கரையிலிருந்த தம் மாளிகையை விட்டு நிலக்கரிக் கப்பலில் நூற்றுக்கணக்கான அகதிகளுடன் இங்கிலாந்து சேர்ந்தார். போருக்குப் பின் மீண்டும் அங்கேயே வாழ்ந்தார். செல்வமும் புகழும் நிறைந்திருந்தும் இறுதி நாட்களில் அமைதி வாய்க்கவில்லை. குடும்ப வழக்குகளும் மனத்தளர்ச்சியும் அவரை வாட்டின. தம் கடிதங்களையும் குறிப்புகளையும் கட்டுக் கட்டாய் எரித்தார். 1965 டிசம்பர் 16-ஆம் நாள் நீஸ் நகரில் இறந்தார். தம்மை நகைத்த காண்டர்பரிப் பள்ளிக்கே அவர் நூலகம் அமைத்துக் கொடுத்திருந்தார். அந்நூலகத்தின் அருகே அவருடைய சாம்பல் தூவப்பட்டது.

முடிவுரை

மாமுக்குப் பின் எரிக் ஆம்ப்ளர், கிரஹாம் கிரீன், ஜான் லெ காரே முதலியோர் ஒற்றர் கதையை அவர் காட்டிய நெறியிலேயே வளர்த்தனர். இக்கதைகளைப் பாடநூல்களுக்கிடையே ஒளித்துவைத்துப் படிக்கும் மாணவர் நம் கல்லூரியிலும் உளர். அவர்களைக் கடிந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒளிக்காமலே படிக்கலாம் என்பேன். விழிப்புடன் நோக்கவும், பொறுத்திருக்கவும், சொல்லின் பின்னுள்ளதைக் கேட்கவும் அவை பயிற்றுகின்றன.

ஆயினும் ஒன்று வேண்டுவேன். அந்த ஏரிக்கு இரண்டு கரைகள் உள. தோனோன் கரையில் வலைவிரித்துக் காத்திருப்பவன் ஆஷெண்டன். எதிர்க்கரையிற் படகேறுபவன் தன் நாட்டையும் காதலையும் நம்பிய சந்திரலால். முதன்முறை படிக்கும்போது ஆஷெண்டனுடன் நில்லுங்கள். கதையின் சுவை அங்கே உண்டு. மறுமுறை சந்திரலாலுடன் படகேறுங்கள். இருமுறையும் படித்தவரே அக்கதையை முழுதும் படித்தவராவர்.